திருவிடந்தைப் பக்கம் ஓர் ஏக்கர்: வரவும் செலவும்

திருவிடந்தையில் நிலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் நித்யகல்யாணப் பெருமாளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில். கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு வந்து பிரகாரம் சுற்றும் கோயில் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை பாதுகாப்புத் துறையின் ‘டெஃப்எக்ஸ்போ’ கண்காட்சி இந்த ஊரில் நடந்தபோது, கடலையொட்டி அவ்வளவு பெரிய வெற்றிடம் எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்டார்கள். அது அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ள நிலம். சற்றுத் தெற்கே போனால் ஆளவந்தார் நாயகர் அறக்கட்டளையின் நிலம் நெம்மேலி, பட்டிபுலம், சாலவான்குப்பம் என்று ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நூறாண்டுக்கு முன் ஒரு தனி மனிதர் பெருமாள் கைங்கரியத்துக்கென எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து அது.

இந்த அறநிலங்களுக்கு நடுவேயும் பக்கத்திலும்தான் சென்னைக் குடும்பங்கள் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளாக மனையும் தோட்டமும் வாங்கிவருகின்றன. அவர்கள் விவசாயிகள் அல்ல. சனிக்கிழமை காலையில் காரில் கிளம்பி, ஞாயிறு மாலை வீடு திரும்புவதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாங்கும்போது யாரும் அதைச் செலவு என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘அது தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்கள். மரம் வைத்தால் வருமானம், சும்மா இருக்கும் நாளில் வாடகை, விவசாய நிலம் என்பதால் வரி கிடையாது, எப்படியும் விலை ஏறும். புரோக்கர் சொல்லும் நான்கு காரணங்களும் இவைதான். இந்த நான்கையும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது.

முதலில் மரம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம்வரை மண் பெரும்பாலும் கடல் மணல். அதில் நம்பி வளர்க்கக்கூடியது சவுக்கு. நட்டு நான்கு ஆண்டுகளில் வெட்டலாம். கட்டடச் சாரத்துக்குக் கழியாகப் போகும், காகித ஆலைக்குக் கூழ்மரமாகப் போகும். ஏக்கருக்கு 40 டன், டன்னுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 2 லட்சம், அதாவது ஆண்டுக்கு 50,000. கன்று, குழியெடுப்பு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர், வெட்டுக்கூலி எல்லாம் இதற்குள்ளிருந்துதான் போக வேண்டும். தென்னை வைத்தால் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய், காய்க்கு 15 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 1,05,000 ரூபாய். இதிலும் உரம், பறிகூலி, தண்ணீர் மோட்டார் செலவு உண்டு. காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். பனை நிலத்தோடு வருவது; அதை வெட்டி விற்கலாம் என்ற கணக்குக்கும் இப்போது இடமில்லை, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். இந்தக் கடற்கரையில் ஓர் ஏக்கர் கோடிகளில் பேசப்படுகிறது. கோடி ரூபாய் முதலில் ஆண்டுக்கு ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ கையில் நின்றால், அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. சவுக்கு வைத்துப் பிழைத்த உள்ளூர்க்காரருக்கு அது கட்டுப்படியானது, நிலம் அவருக்குப் பாட்டன் சொத்தாக வந்தது என்பதால். கோடி கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மரம் வைத்தால் பணம் என்ற ஆசைக்கு இந்த மாநிலம் ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1990-களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் பிளான்டேஷன்ஸ் தேக்கு மரங்களைப் பங்கு பங்காக விற்றது. இன்று சில ஆயிரம் போட்டால் இருபது ஆண்டில் லட்சங்கள் என்று அது கொடுத்த விளம்பரம் ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பையெல்லாம் இழுத்தது. 1998-ல் நிறுவனம் கவிழ்ந்தது. இதுபோன்ற தோட்ட நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத்தான் செபி 1999-ல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் கவர்ச்சி குறையவில்லை. இன்றும் ‘பராமரிக்கப்படும் பண்ணை நிலம்’ என்ற பெயரில் கால் ஏக்கர், அரை ஏக்கராகப் பிரித்து, மரமும் நட்டு, பார்த்துக்கொள்ள ஆளும் போட்டு விற்கிறார்கள். மரம் வளரும் வேகம் தேக்கானாலும் செம்மரமானாலும் மண்ணும் மழையும் முடிவு செய்வது. விற்பவர் தரும் அட்டவணையில் அது அடங்காது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு லாபம் உறுதியென்றால் இவர் ஏன் அதை எனக்கு விற்கிறார்?

இனிச் செலவுப் பக்கம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விலைப் பேச்சில் இது வருவதே இல்லை. கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு தோட்ட வீட்டை மூன்று மாதம் பூட்டிவைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். பூட்டுக்குள் சாவி திரும்பாது. தேங்காயெண்ணெய் விட்டு ஆட்ட வேண்டும். இரும்புக் கேட்டின் கீல் துருவேறி, தள்ளினால் செம்பொடி உதிரும். கல்லுக்கால் அப்படியே நிற்கும், அதில் கட்டிய முள்கம்பி மட்டும் தொட்டால் ஒடியும். ஏசியின் வெளிப்பெட்டியில் தகடுகள் அரிக்கப்பட்டிருக்கும். மாடித் தொட்டித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால்தான் நாற்றம் போகும். பிறகு சுவரைப் பார்த்தால், வெள்ளையடித்த இடத்தில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருக்கும். உப்புக் காற்று ஞாயிறும் திங்களும் பார்ப்பதில்லை. வீட்டில் ஆள் இருந்தால் துருவை அன்றன்றைக்குத் துடைத்துவிடலாம்; ஆள் இல்லாத வீட்டில் அது வட்டியோடு சேர்கிறது.

ஆகவே ஒரு காவல் குடும்பம் வேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பளம், தங்க ஓர் அறை, மின்சாரம். வேலி, மோட்டார், வெள்ளையடிப்பு, பாம்புக்குப் பயந்து புல் வெட்டுவது எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. புயல் வந்தால் அது தனிக் கணக்கு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையையும் சுற்றுப்புறத்தையும் சாய்த்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டூஸ் மாமல்லபுரம் அருகேதான் கரையேறியது. நான்கு வயதுத் தென்னை ஒன்று வேரோடு சாய்ந்தால், அந்தக் கணக்கைத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீர் இதைவிட முக்கியம். கடலோர மணலுக்குள் மழைநீர் ஒரு நன்னீர்ப் படலமாக உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியல் சொல்லும் கணக்கு. திருப்பிப் பார்த்தால் அச்சம் புரியும்: மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். ஊரார் உறைகிணறு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தது இதைத் தெரிந்துதான். பண்ணை வீட்டுக்காரர் ஆழ்துளை போட்டு, நீச்சல் குளம் நிரப்பி, புல்தரைக்குத் தெளிப்பான் ஓட்டினால் முதலில் உப்பாவது அவர் கிணறாக இருக்கலாம், பக்கத்துக் குப்பத்துக் கிணறாகவும் இருக்கலாம். சில கிலோமீட்டர் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் எடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறது. 2024-ல் 15 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டாவது ஆலையும் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குழாயில் வடக்கே போகிறது. தோட்டக்காரர் தன் மணலுக்குள் இருப்பதை நம்பித்தான் இருக்க வேண்டும்.

வாடகை என்ற இரண்டாவது காரணம் சற்றுப் பலமானது. ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு, பிறந்தநாள், அலுவலகக் கூட்டம் என்று கேட்டு வருபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். நிலத்துக்கு ஒரு கோடி, வீட்டுக்கு ஐம்பது லட்சம் போட்டவர் ஆண்டில் 50 இரவு, இரவுக்கு 12,000 என்று வாடகைக்கு விட்டால் 6 லட்சம் வரும். இணையதளக் கமிஷன், துப்புரவு, துணிமணி, உடைந்தது, காவலுக்கு மேல் இன்னொரு ஆள் என்று பாதி போய்விடும். மீதி ஒன்றரைக் கோடிக்கு இரண்டு சதவீதம். கேட்டு வரும் இரவுகளும் சனி இரவுகள்தான். சொந்தக்காரர் தன் பிள்ளைகளோடு வந்து தங்கவென்று வாங்கிய அதே இரவுகளை விற்றால்தான் இந்த இரண்டு சதவீதமே கிடைக்கும். ஒலிபெருக்கிப் புகார், குளத்தில் குழந்தை விழாமல் பார்த்துக்கொள்வது, யாராவது குடித்துவிட்டு அலை மூர்க்கமான இடத்தில் இறங்கினால் வரும் பொறுப்பு ஆகியவற்றையும் சேர்த்தால், அது விடுமுறை இடம் என்ற நிலையிலிருந்து மாறி ஒரு சிறு விடுதித் தொழிலாகிவிடுகிறது. தொழிலாக நடத்த விரும்புபவர் நடத்தட்டும். ஓய்வுக்கு வாங்கியவர் அந்த வேலையை ஏற்க வேண்டியதில்லை.

வரி விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. ஆனால் அந்த நிலம் நகராட்சி எல்லையிலிருந்து, அதன் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், உண்மையாகவே பயிர் செய்திருக்க வேண்டும். தங்கும் வாடகையை விவசாய வருமானம் என்று காட்ட முடியாது. மனையாக வாங்கியிருந்தால் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. ரொக்கமாகக் கொடுத்த பகுதி இருக்கிறதே, அது பத்திரத்தில் இல்லாததால் விற்கும்போது வாங்கிய விலையாகக் கணக்கில் வராது. வரியை மிச்சம் பிடித்ததாக நினைத்தவர் பத்தாண்டு கழித்து அந்த வரியையும் சேர்த்துக் கட்டுகிறார்.

எஞ்சியது விலையேற்றம். இதற்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் செப்பனிட்டு 2002-ல் திறந்தது. பிறகு அக்கரையிலிருந்து மாமல்லபுரம்வரை நான்கு வழியானது. சவுக்குத் தோப்பாக இருந்தவையெல்லாம் கிரவுண்ட் கணக்கில் பேசப்பட்டன. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கும் அரசாணை வந்தது. 2025 பட்ஜெட்டில் திருவான்மியூர்–உத்தண்டி மேம்பாலச் சாலை அறிவிப்பு வந்தது. ஒவ்வோர் அறிவிப்பும் விலையில் ஏறுகிறது. முதலில் வாங்கியவர்கள் சிலர் பெரிதாகச் சம்பாதித்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த லாபத்தைத் தந்தது நிலமும் அல்ல, அதில் வைத்த மரமும் அல்ல. பொதுப்பணத்தில் போட்ட சாலை. இன்று வாங்குபவர் அந்தச் சாலையின் விலையை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் வாங்குகிறார்.

ஒரு கோடி ரூபாய் மனையைப் பத்தாண்டு வைத்திருப்பதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, புரோக்கர் 1: ஆக 1.10 கோடி முதல். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பராமரிப்பு. இதே பணம் 7 சதவீத வட்டியில் இருந்திருந்தால் பத்தாண்டில் மொத்தம் ஏறத்தாழ 2.51 கோடி. விற்கும்போது 12.5 சதவீத வரி கட்டி அந்தத் தொகை கையில் நிற்க வேண்டுமானால் மனை 2.71 கோடிக்கு விற்க வேண்டும். அதாவது ஆண்டுக்குப் பத்தரை சதவீதம், பத்தாண்டும் இடைவிடாமல். வட்டிக்கும் வரி உண்டே என்பீர்கள். சரி, வரி போக 5 சதவீதம் என்று வைத்தாலும் 2.25 கோடிக்கு விற்க வேண்டும், ஆண்டுக்கு எட்டரை சதவீதத்தை ஒட்டி ஏற வேண்டும். இது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் நடந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு ஏறினால்தான் போட்டது போட்டபடி திரும்பும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். விற்க நினைத்த நாளில் வாங்க ஆள் இருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

விலை ஏறுவதற்கு முன், நிலம் நம்முடையதாக இருக்க வேண்டும். திருவிடந்தைப் பக்கம் இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வது அல்ல. கோயில் நிலம், அறக்கட்டளை நிலம், புறம்போக்கு, மேய்க்கால், பட்டா நிலம் எல்லாம் ஒரே மணல் வெளியாகக் கண்ணுக்குத் தெரியும். இடையில் வரப்பு கிடையாது. 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். பதிவேட்டுத் திருத்தத்தில் நுழைந்த பிழைகள் இன்னும் வழக்குகளாக ஓடுகின்றன. ஆகவே பட்டாவை மட்டும் பார்த்துவிட்டுப் போதும் என்று நினைக்கக் கூடாது, யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடு, புலப்படம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் படிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ல் தடை போட்டபோது, பணம் கட்டிய எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். பிறகு வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்கும் கட்டணம் உண்டு. கடலோர ஒழுங்குமுறை விதி இன்னொன்று. 1991-லிருந்து, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்பது அடிப்படை. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. கடலைப் பார்த்தபடி வீடு என்று விற்கப்படும் மனை எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதை வரைபடத்தில் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

தூரத்தில் இருக்கும் சொந்தக்காரருக்கு இன்னோர் ஆபத்து. காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் வெளிப்படையாகப் பன்னிரண்டு ஆண்டு அனுபவித்துவிட்டால் உண்மையான சொந்தக்காரர் நிலத்தை மீட்கும் உரிமையையே இழக்க நேரும். வருடத்துக்கு இரண்டு முறை வந்துபோகிறவரின் வேலி எப்போது ஓரடி உள்ளே தள்ளி நடப்பட்டது என்பது அவருக்கே தெரியாது.

இதே கடற்கரையில் நிலம் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட இடங்கள் இருக்கின்றன. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடிருந்த ஓவியர்களும் கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். அங்கேயே குடியிருந்து, அங்கேயே வரைந்து, அங்கேயே விற்றார்கள். 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணைக்கு ஐம்பது ஆண்டாகப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். 1996-ல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவும் அப்படித்தான். இந்த மூன்றிலும் நிலம் வேலை செய்யும் இடம். தினமும் ஆட்கள் நடமாடுகிறார்கள், தினமும் துரு துடைக்கப்படுகிறது. வாரக் கடைசி வீட்டில் இல்லாதது இதுதான். வெளிநாட்டிலும் இதே படிப்பினை: ரஷ்யாவில் 600 சதுர மீட்டர் டாச்சா நிலங்கள் பஞ்ச காலங்களில் குடும்பங்களுக்குச் சோறு போட்டன, ஏனென்றால் அவற்றில் உருளைக்கிழங்கு போட்டுக் கையால் களை பறித்தார்கள். பின்லாந்தில் 5 லட்சம் கோடைக் குடில்கள் இருக்கின்றன; அவை வருமானம் தருகின்றன என்று யாரும் வாதிடுவதில்லை, குடும்பச் செலவாகவே ஏற்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டுப்படியாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். செலவாகவே நினைத்து, தாங்குமென்றால் வாங்குங்கள். ஏக்கரை விட ஐந்து கிரவுண்டு போதும். புல்தரைக்குப் பதில் சவுக்கும் பனையும் போதும். நிலம் பெரிதென்றால் ஊர்க்காரர் ஒருவருக்கு எழுத்து ஒப்பந்தத்தோடு பயிர் செய்யக் கொடுங்கள். அதில் வரும் குத்தகை சொற்பம்தான், ஆனால் ஆள் நடமாட்டம் இருக்கும், காவல் கூலி பாதியாகும், மண் மண்ணாக இருக்கும். பூட்டிய தோப்புகள் கூடிக்கொண்டே போகும் ஊரில் சவுக்கு வெட்டுக்கூலி, கன்று நடும் கூலி எல்லாம் ஒவ்வொன்றாக மறைகின்றன. கடற்கரைக்குப் போகும் பழைய நடைபாதைகள் மதில்களுக்குள் போகின்றன. மீனவக் குடும்பத்துப் பையனால் தன் சொந்த ஊரில் ஒரு கிரவுண்டு வாங்க முடிவதில்லை. சொந்தக்காரரின் ஏட்டில் இந்த இழப்புகளுக்கு இடம் கிடையாது. ஊரின் ஏட்டில் உண்டு.

வாங்குவதற்கு முன் பிள்ளைகளையும் கேட்டுவிடுவது நல்லது. இந்த நிலங்களை வாங்கிய தலைமுறைக்கு இப்போது எழுபது வயது. பிள்ளைகளில் பலர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. வாரிசாகப் பெறலாம், விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், பங்காளிகளின் கையெழுத்து, யாரோ ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் என்று இரண்டு மூன்று ஆண்டு இழுக்கும். அதற்குள் காவல் குடும்பம் போய்விட்டிருக்கும். வாங்குபவர் அந்த அவசரத்தை முகத்திலேயே படித்துவிடுவார். அவர் சொல்லும் விலை மேலே போட்ட 2.71 கோடியாக இருக்காது.